செந்தூல் வீட்டுக் கூடத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து, செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் 12-ஆம் தளத்தில் நானும் கணவரும் குடியேறியபோது, புது வீட்டில் முதலில் எங்களை உறுத்தியது அதன் எதிரொலிதான். தரை முழுவதும் ஓடு, நான்கு பக்கமும் காங்கிரீட் சுவர், துணிமணி நிறைந்த அலமாரியோ பாயோ மெத்தையோ இல்லாத வெறுங்கூடம். அங்கே பேசிய ஒவ்வொரு சொல்லும் குடத்துக்குள் பேசியதுபோல் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் விட்டுச் சென்ற தட்டைத் தொலைக்காட்சியின் ஒலி இதனால் இன்னும் கெட்டது. அந்த வகைத் தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கிகள் அடியிலோ முதுகிலோ பொருத்தப்பட்டிருப்பதால், ஒலி நம்மை நேரே பார்த்து வராமல் சுவரிலும் மேசையிலும் பட்டுத்தான் வருகிறது.

இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா வந்து தங்கலாம் என்ற ஏற்பாடு 2023 டிசம்பரில் தொடங்கியிருந்தது. அதைப் பயன்படுத்தி எங்கள் வீட்டுக்கு வர அப்பா ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது முழுவதும் கேட்காமல் இல்லை. வயதானவர்களுக்குப் பொதுவாக நேர்வதுபோல் உச்ச ஒலிகள் மட்டும் மங்கிவிட்டன. 'ச', 'ட', 'த' போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை, ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது. அது குறைந்துவிட்டால் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் சத்தம் பெருகுமே தவிர, சொல் தெளியாது. ஆகவே எங்கள் தேவை அதிர வைக்கும் ஒலி அன்று. மின்விசிறி ஓடும்போதும், பிற்பகல் மழை பால்கனியில் அறையும்போதும், இரவில் அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்யாத அளவில் வைத்தாலும், செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும்.

இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, மின்சாரத்துக்கும் தண்ணீருக்குமாக மேலும் அரை மாத வாடகை, முதல் மாத வாடகை என்று கையிருப்பின் பெரும்பகுதி கரைந்திருந்ததால், கம்பி, தாங்கி எல்லாம் சேர்த்து 800 ரிங்கிட்டுக்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்தோம். அந்தத் தொகைக்குத் தனி ஆம்ப்ளிஃபயரும் தனி ஸ்பீக்கர்களும் வாங்கினால் இரண்டுமே அரைகுறையாக அமையும் என்று தோன்றியது. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் ஸ்பீக்கரில் ஒரு மின்கம்பியோடு வேலை முடிந்துவிடும். கடைகளில் ஆக்டிவ் என்று விற்கப்படுபவை எல்லாம் ஒரே அமைப்புடையவை அல்ல என்பதைத் தேடத் தொடங்கிய பிறகே அறிந்தேன். அடித்தொனி தரும் வூஃபருக்கு ஒன்று, உச்சத்தொனி தரும் ட்வீட்டருக்கு ஒன்று எனத் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் இருந்து, ஒலியைப் பிரிக்கும் வேலை அவற்றுக்கு முன்னதாகவே நடந்தால்தான் அது முழுமையான ஆக்டிவ். ஒரு பெட்டியில் மட்டும் ஆம்ப்ளிஃபயரை வைத்து, மற்றதற்குக் கம்பி இழுப்பவையும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. வீட்டுக் கூடத்துக்கு இரண்டாம் வகையும் போதும். ஆனால் எது எதுவென்று தெரிந்து வாங்குவது நல்லது.

புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோயாட் பிளாசாவுக்கு இரண்டு முறை போனோம். தளம் தளமாகக் கடைகள். ஆனால் அந்த இரைச்சலில் ஒரு ஸ்பீக்கரைக் கேட்டு மதிப்பிட வழியில்லை. பெட்டிகளில் பெரிதாக அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சத் திறன்) வாட் எண்ணை நம்பக் கூடாது, தொடர்ந்து தரும் திறனைக் காட்டும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பார்க்க வேண்டும் என்பது ஊரிலேயே தெரிந்த பாடம். அதிலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல்தான் உயரும். நாற்பது வாட்டுக்கும் எண்பது வாட்டுக்கும் சிறிய கூடத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. செந்தூலில் கே.டி.எம். ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கும் போனேன். அந்தக் கடைக்காரர், "பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்று கேட்ட பிறகுதான் வியாபாரம் பேசினார். "சின்ன ஹாலுக்கு 500 வெள்ளிக்கு மேலே போகாதீங்க. மிச்சத்துக்குக் கம்பளமும் திரைச்சீலையும் வாங்குங்க" என்றார். இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்வது எனக்கு அன்றுதான் தெரியும். அவருடைய அறிவுரையின் மதிப்பு தெரிய இன்னும் மூன்று வாரம் ஆயிற்று.

ஏனெனில், அதற்குள் ஊர் திரும்பும் ஒரு குடும்பத்திடமிருந்து இரண்டு சிறிய ஸ்பீக்கரும், மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே தனிப் பெட்டியான சப்வூஃபரும் கொண்ட 2.1 செட் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டோம். இடத்தை அடைக்காமல் இருக்கட்டும் என்று சப்வூஃபரைக் கூடத்தின் மூலையில் வைத்தோம். இரண்டாம் நாள் மாலை கீழ்த்தளத்து அம்மா படியேறி வந்து, தம் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிர்வதாகப் பொறுமையோடு சொன்னார். நான் வெட்கப்பட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். எங்கள் கூடத்தின் நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர். அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி ஒலிவேகத்தை அதனால் வகுத்தால், அந்த அறை தானாகவே பெருக்கிக் காட்டும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கிடைக்கும்: நீளவாக்கில் 35 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 44 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் உழைப்பது சரியாக அந்தப் பகுதியில்தான். அதை மூலையில் வைக்கும்போது இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடித்தொனியை மேலும் தூக்கிவிடுகின்றன. தாழ்ந்த அதிர்வுகள் காங்கிரீட் வழியாகவே கீழ்வீட்டுக்குப் போய்விடும். கதவைச் சாத்துவதால் பயனில்லை. தவிலின் அடி முழங்கியதே தவிர, பாடுபவரின் சொல் அதற்குள் அமிழ்ந்துபோனது. அந்த செட்டை வந்த விலைக்கே விற்றுவிட்டேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு சிறிய வூஃபரை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. 4 அங்குல வூஃபர் 40 ஹெர்ட்ஸை அவ்வளவாகத் தொடாததால் எங்கள் அறையின் முழக்கத்தைக் கிளப்புவதுமில்லை. இறுதியில் இரண்டு தெரிவுகள் நின்றன. ஒன்று ஜேபிஎல் 305பி: ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு ஆம்ப்ளிஃபயர் கொண்ட முழுமையான ஆக்டிவ், 5 அங்குல வூஃபர், ஒலிப்பதிவு மேசைக்கென்றே வடிவமைக்கப்பட்டது. மற்றது எடிஃபையர் ஆர்1280டிபி: 4 அங்குல வூஃபர், மொத்தம் 42 வாட், வலப் பெட்டியில் மட்டும் ஆம்ப்ளிஃபயர். தரத்தில் முன்னது மேல் என்றே கருதுகிறேன். ஆனால் அதன் காற்றுத்துளை பின்புறம் இருக்கிறது. எங்கள் தொலைக்காட்சி மேசையோ சுவரை ஒட்டி நிற்கிறது; பின்துளை சுவரை நெருங்கினால் அடித்தொனி மீண்டும் முழங்கும். ஜேபிஎல்லில் புளூடூத்தும் இல்லை, தொலைக்காட்சியின் ஒலியை ஒளியிழை வழியாக வாங்கும் ஆப்டிகல் இணைப்பும் இல்லை, தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட்டும் இல்லை. இரண்டு பெட்டிக்கும் தனித்தனி மின்செருகி வேறு வேண்டும். எடிஃபையரின் துளை முன்பக்கம். ஆப்டிகல், புளூடூத், ரிமோட் எல்லாம் உண்டு. பக்கவாட்டில் அடித்தொனிக்கும் உச்சத்தொனிக்கும் திருகுகள் இருக்கின்றன. அப்பா யாருடைய உதவியுமின்றித் தாமே இயக்க வேண்டும் என்பதை எண்ணி அதையே எடுத்தோம்.

இணைத்த அன்று ஒலியே வரவில்லை. கம்பியை இரண்டு முறை கழற்றி மாட்டிய பிறகு, காரணம் தொலைக்காட்சியின் அமைப்பில் இருப்பது புரிந்தது. டால்பி என்ற சுருக்கப்பட்ட வடிவில் போகும் ஒலியைப் பிரித்தறியும் திறன் இத்தகைய மலிவான ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. தொலைக்காட்சியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை, சுருக்காத வடிவமான பி.சி.எம். என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆப்டிகல் வழி இணைத்தால் தொலைக்காட்சி ரிமோட்டால் ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ பெரும்பாலும் முடியாது என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். ஒரே ரிமோட் வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே தொலைக்காட்சியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி) உள்ளதாகத் தேட வேண்டும். எங்கள் விலைக்குள் எங்களுக்கு அது அமையவில்லை.

மீதிப் பணத்தில் கடைக்காரர் சொன்னபடியே தடித்த கம்பளமும் கனமான திரைச்சீலையும் வாங்கினோம். கம்பளம் விரித்த மாலையிலேயே குடத்துக்குள் பேசும் ஒலி பெரும்பாலும் போய்விட்டது. ஸ்பீக்கர்களை இரண்டு மீட்டர் இடைவெளியில், ட்வீட்டர் அமர்ந்திருப்பவரின் காதுமட்டத்துக்கு வரும்படி உயர்த்தி, சோபாவை நோக்கிச் சற்றே உள்ளே திருப்பி வைத்தேன். கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னல் மிகுந்த நிலம் என்பதால், வானம் கறுத்தால் செருகியைப் பிடுங்கிவிடும் பழக்கமும் வந்துவிட்டது.

அப்பா வந்த மறுநாள் காலை, கைப்பேசி வழியாக இங்குள்ள தமிழ் வானொலியான மின்னல் எஃப்.எம். வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து போய், உச்சத்தொனித் திருகைத் தாமே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஓர் இடத்தில் நிறுத்தினார். அதன்பின் இரவுச் செய்திக்குக்கூட ஒலியைக் கூட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவர் ஊர் திரும்பிய பிறகு, எங்கள் காதுக்கு அது கூர்மையாக இருந்ததால் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தோம். அவர் நிறுத்தி வைத்திருந்த இடத்தில் வெள்ளை ஒட்டுநாடாவில் ஒரு கோடு கிழித்து ஒட்டியிருக்கிறேன். அடுத்த முறை அவர் வருவதற்கு முந்தின இரவே அதை அங்கே திருப்பி வைத்துவிடுவேன்.