அப்பாவின் இரண்டு கைத்துப்பாக்கிகள்: அடையாளமும் மதிப்பும்

அப்பா காலமான பிறகு ரப்பர்த் தோட்டமும் தக்கலை வீடும் வங்கி வைப்பும் எங்கள் மூவருக்கும் பெரிய வாக்குவாதமில்லாமல் பாகமாகிவிட்டன. எப்படிப் பங்கு வைப்பது என்று தெரியாமல் நின்றவை, பீரோவின் உள்ளறையில் இருந்த ஒரு ரிவால்வரும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பிஸ்டலும்தான். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் அமெரிக்க ஏலங்களின் விலைகளை இணையத்தில் பார்த்துவிட்டு, இரண்டும் பெரும் தொகைக்குப் போகும் என்று தொலைபேசியில் சொன்னார். பக்கத்து வீட்டில் இருக்கும், காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா வேறு மாதிரி சொன்னார்: "மக்களே, துப்பாக்கிய பொறவு பாக்கலாம், லைசென்சு புக்க முதல்ல எடு."

அந்த வரிசைதான் சரியான வரிசை என்பது என் முடிவு. நம் நாட்டில் கைத்துப்பாக்கியின் விலை இரும்பில் தொடங்குவதில்லை, காகிதத்தில் தொடங்குகிறது. உரிமம் அப்பாவின் பெயரில் இருந்ததால், அவர் மறைந்ததும் அந்த ஆயுதங்களை நாங்கள் வைத்திருப்பதற்குச் சட்டப்படி இடமில்லாமல் போகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அவற்றைக் காலதாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது; ஒப்படைத்தவற்றை விற்கவும், உரிமம் கிடைத்த பின் திரும்பப் பெறவும் சட்டப்படியான வாரிசுக்கு உரிமை உண்டு. உரிமமின்றி வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டும் அதிகபட்சம் 5 ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்க முடியும். "பழைய துப்பாக்கிதானே, அதற்கு எதற்கு லைசென்ஸ்" என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுடுவதற்கு உதவாத பழம்பொருளுக்குத்தான். வயது மட்டும் யாரையும் காப்பாற்றாது. ஆகவே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் அனுமதியுடன் இரண்டையும் ஓர் ஆயுதக் கடையில் ஒப்படைத்தோம். தோல் பட்டையில் செருகியிருந்த தோட்டாக்களையும் சேர்த்தே ஒப்படைத்தோம், ஏனென்றால் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும்.

அடையாளம் காணும் வேலை அந்தக் கடையின் மேசையில்தான் நடந்தது. கடைக்காரர் முதலில் ரிவால்வரின் இடப்பக்க நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழல் முன்பக்கமாகக் கவிழ்ந்து, சிலிண்டரின் ஆறு அறைகளும் காலியாக இருப்பது தெரிந்தது. பிஸ்டலில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினை வெளியே எடுத்த பிறகும், குழலின்மேல் நகரும் மேற்சட்டத்தைப் பின்னுக்கு இழுத்து, குழலின் பின்முனையில் ஒரு தோட்டா தங்கியிருக்கிறதா என்று பார்த்தார். மேகசினை எடுத்துவிட்டால் பிஸ்டல் காலியாகிவிட்டது என்று நினைப்பது மிகவும் ஆபத்தான நம்பிக்கை. இந்தச் சோதனையைப் பழக்கமில்லாதவர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ரிவால்வரைப் பற்றி எங்கள் வீட்டில் வழங்கிய கதை, சுதந்திரத்துக்கு முன்பு தோட்டத்துத் துரை ஒருவர் தாத்தாவுக்குப் பரிசாகக் கொடுத்தது என்பது. இரும்பு வேறு கதை சொன்னது. ரிவால்வரின் உடற்சட்டத்தின் பக்கவாட்டில், சிறகு முளைத்த தோட்டா ஒன்றும் அதன்மேல் 'டபிள்யூ அண்ட் எஸ்' என்ற எழுத்துகளும் இருந்தன. அது பர்மிங்காம் நகரத்து வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனத்தின் முத்திரை. மாதிரி மார்க் 4, துளை (குழலின் உள்விட்ட அளவு, அங்குலத்தில்) .32. அதைவிட முக்கியமானது குழலிலும் சிலிண்டரிலும் குத்தியிருந்த சிறிய கிரீடம். பர்மிங்காமில் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை இடும் சோதனைச் சாலை 1813 முதல் இயங்குகிறது. 1904 முதல் 1950களின் நடுப்பகுதி வரை கிரீடத்தின் கீழ் 'பி.வி.', 'என்.பி.' போன்ற எழுத்துகளையும், அதன் பிறகு 'பி.என்.பி.' என்ற மூன்றெழுத்தையும் குத்தினார்கள். எங்கள் ரிவால்வரில் பூதக்கண்ணாடியின் கீழ் தெளிவாகத் தெரிந்தது பி.என்.பி. துரை கதை அதோடு முடிந்தது. உரிமப் புத்தகத்தைப் புரட்டியபோது, 1958இல் சென்னைக் கடை ஒன்றில் தாத்தா விலை கொடுத்து வாங்கியதாகப் பதிவு இருந்தது. தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைத்ததற்காக அப்பா பத்திரப்படுத்தியிருந்த ரசீதுகளிலும் அதே வரிசை எண், அதே துளை அளவு. வரிசை எண் துப்பாக்கியின் உடற்சட்டத்திலும் காகிதத்திலும் ஒன்றாக இருப்பது வேறு எந்த அழகையும்விட மதிப்பை உயர்த்தும்.

கான்பூர் படைக்கல ஆலையின் .32 ரிவால்வரும் இதே வெப்லி மார்க் 4 வடிவத்தைப் பின்பற்றி வந்ததுதான் என்பதால், தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலவே இருக்கும். படத்தை வாட்ஸப்பில் அனுப்பி விலை கேட்பதில் பயனில்லை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பிஸ்டல் நிலை வேறு. அது பெயர்பெற்ற பிரௌனிங் வகைப் பிஸ்டல், அதுவும் 'ஒரிஜினல் பிரௌனிங்' என்றுதான் அப்பாவும் நம்பினார். தாத்தாவின் பழைய உரிமத்தில், திருவிதாங்கூரின் சங்கு முத்திரையின் கீழ், கொல்லம் ஆண்டு 1107 (கி.பி. 1931-32) என்று தேதியிட்டு, பிரௌனிங் என்றே எழுதியும் இருக்கிறது. ஆனால் பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் ஊரின் எஃப்.என். ஆலையில் செய்த உண்மையான பிரௌனிங்கின் மேற்சட்டத்தில் அந்த ஆலையின் பெயரும் ஊரும் நீளமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். எங்களுடையதில் இருந்தது 'எய்பார்'. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் அந்த ஊரில், இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், பிரௌனிங்கின் சிறு பிஸ்டலைப் பார்த்து எத்தனையோ பட்டறைகள் நகல் செய்து உலகெங்கும் அனுப்பின. துளை 6.35 மில்லிமீட்டர், அதாவது .25.

மதிப்பு இங்கேதான் பிரிகிறது. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைத் தனிநபர்கள் தாராளமாக இறக்குமதி செய்யும் வழி 1980களில் அடைபட்டுவிட்டதால், நல்ல நிலையில் உள்ள பழைய வெப்லிக்கு இங்கே தனி மவுசு உண்டு; .32 ரிவால்வர் தோட்டா இந்திய ஆலைகளிலேயே தயாராகிறது. .25 தோட்டா கிடைப்பது கடினம், ஆகவே அந்தப் பிஸ்டலை வாங்க முன்வருபவர் குறைவு. .380, .455 தோட்டாக்களையோ படையினரின் 9 மில்லிமீட்டர் தோட்டாவையோ சுடும் கைத்துப்பாக்கி என்றால் அது தடைசெய்யப்பட்ட துளை வகையில் சேரும்; நல்ல வேளையாக எங்களுடைய இரண்டும் அதில் இல்லை. வாங்குபவருக்கும் உரிமம் இருக்க வேண்டும் என்பதால், உலகச் சந்தை விலை எதுவும் தக்கலைக்குப் பொருந்தாது.

நிலையைப் பொறுத்தவரை, நம் மாவட்டத்தின் காற்றே எதிரி. இரண்டு பருவமழையும் கடல் உப்பும் சேரும் ஊரில், தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்ததால், உள்ளே இருந்த ரிவால்வரில் உறை தொட்ட இடங்களில் மட்டும் செம்பொட்டுத் துரு ஏறியிருந்தது. தோட்டாக்களின் பித்தளையில் பச்சைக் களிம்பு. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஆலை பூசிய நீலக்கறுப்பு மேற்பூச்சு போய்விடும். அது போனால் விலையும் போகும். நிக்கல் பூசிப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று வந்தவரை நான் திருப்பி அனுப்பினேன். தேங்காய் எண்ணெய் காய்ந்து பிசின் போலாகிவிடும் என்பதால், துப்பாக்கிக்கான எண்ணெயை மெல்லத் தடவினால் போதும்.

இரு கடைகளில் கேட்டதில், தொகை சற்று வேறுபட்டாலும், வெப்லியைப் பிஸ்டலைவிடப் பன்மடங்கு உயர்வாகவே இருவரும் மதித்தார்கள். அந்த மதிப்பைக் கணக்கில் வைத்து, அண்ணனுக்கும் தங்கைக்கும் ஈடான தொகையைத் தோட்டப் பங்கில் சரிசெய்துகொண்டோம். இப்போது தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழையும் மற்ற இருவரின் ஆட்சேபணையின்மைக் கடிதங்களையும் இணைத்து, வாரிசு அடிப்படையில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் ரிவால்வருக்கு மட்டும் விண்ணப்பித்திருக்கிறேன். 2019 திருத்தப்படி வாரிசுரிமையாக வந்தாலும் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. இரண்டையும் நானே கேட்டிருக்கலாம்தான், ஆனால் தோட்டாவே கிடைக்காத ஒரு நகலுக்காகக் காலமெல்லாம் உரிமம் புதுப்பித்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. பிஸ்டலை அந்தக் கடை வழியாகவே விற்றுவிடச் சொல்லியிருக்கிறேன்.