துத்தநாகத்தைக் காட்டிக்கொடுக்கும் காடோலினியம்

துத்தநாக அயனியில் இணையாத எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லாததால், எம்.ஆர்.ஐ. படத்தில் அது தானாகத் தென்படுவதில்லை. ஆகவே 7 இணையாத எலக்ட்ரான்கள் கொண்ட காடோலினியம் என்னும் உலோகத்தின் அயனி துணைக்குத் தேவைப்படுகிறது. அது தன்னருகே வந்துபோகும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை விரைவாகத் தளர்வடையச் செய்து, அதாவது தூண்டப்பட்ட நிலையிலிருந்து இயல்பு நிலைக்குத் திரும்பச் செய்து, படத்தில் அவ்விடத்தை வெளிச்சமாக்குகிறது.

என்னை மிகவும் கவர்ந்த வடிவமைப்பில், காடோலினியத்தை டோட்டா என்னும் வளையத்துக்குள் இறுகப் பூட்டி, பிரிடின் என்னும் நைட்ரஜன் வளையங்கள் கொண்ட இரு கைகளை அதனுடன் இணைக்கிறார்கள். அக்கைகள் துத்தநாகத்தைப் பற்றியதும் மூலக்கூறு இரத்தத்தின் அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதுவரை வேகமாகச் சுழன்ற சிறு மூலக்கூறு, பெரிய புரதத்தோடு சேர்ந்து மெல்லச் சுழலத் தொடங்குவதால் சமிக்ஞை வலுக்கிறது. எத்தனை அழகான ஏற்பாடு!

கணையத்தின் பீட்டா செல்கள் 6 இன்சுலின் மூலக்கூறுகளை 2 துத்தநாக அயனிகளுடன் சேர்த்துப் பொதிந்து வைத்திருக்கின்றன. குளுக்கோஸ் ஏறும்போது இரண்டும் ஒன்றாகவே வெளியேறுவதால், துத்தநாகத்தைப் பார்ப்பது இன்சுலின் சுரப்பையே பார்ப்பதற்கு ஒப்பாகும். எலிகளில் இது காட்டப்பட்டிருக்கிறது. ஆரோக்கியமான புராஸ்டேட் சுரப்பியில் மிகுந்திருக்கும் துத்தநாகம் புற்றுநோயில் குறைந்துவிடுவதால் அங்கும் இதற்குப் பயன் உண்டு.

பிணைப்பு எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்லது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மிக வலுவாகப் பற்றும் மூலக்கூறு, எப்போதும் இருக்கும் சிறிதளவு துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு பின்னணியையே ஒளிரச் செய்துவிடும். கால்சியத்தைத் துத்தநாகம் என்று எண்ணி ஏமாறாமல், சுரக்கும் வேளையில் குவியும் துத்தநாகத்துக்கு மட்டும் பதில் சொல்லும் அளவுக்குப் பிணைப்பைத் தளர்த்துவதே இதில் மிகக் கடினமான வேலை.