70ல் போகிறேன், நான் ஏன் ஒதுங்கணும்?

பிரிட்டனில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். நர்ஸ் வேலைக்கு வந்தவர்கள், ஐடிக்காரர்கள், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். 2018 ஜூன் வரைக்கும் லைசன்ஸ் வாங்காதவர்களை மோட்டார்வேயில், அதாவது இங்குள்ள அதிவேகச் சாலையில், ஏற்றவே கூடாது. இப்போது டூயல் கன்ட்ரோல் (பயிற்சியாளர் பக்கமும் பிரேக்) உள்ள காரில், அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போகலாம். ஆனால் டிரைவிங் டெஸ்ட்டில் மோட்டார்வே வராது என்பதால் பெரும்பாலானவர்கள் டெஸ்ட் பாஸான பிறகுதான் போன் போடுகிறார்கள்: "சார், ஒரு தடவை மோட்டார்வே மட்டும் கூட்டிட்டுப் போங்க."

மோட்டார்வேயில் வேக வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது கிட்டத்தட்ட 113 கிலோமீட்டர். அந்த வேகம் அரை மணி நேரத்தில் பழகிவிடுகிறது. ஸ்லிப் ரோடு என்கிற இணைப்புச் சாலையிலிருந்து உள்ளே நுழைவதும் நாலைந்து தடவையில் கைவந்துவிடும். வயிற்றைக் கலக்குவது வலது ஓர லேன். பின்னால் ஒருவன் வந்து ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது, நாம் ஒருவன் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, லைட் அடித்தால் என்ன அர்த்தம், இவைதான் கேள்விகள்.

விதி என்னவோ சின்னதுதான். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடின் 264வது விதி: சாலை காலியாக இருந்தால் இடது லேனில் போ, மெதுவாகப் போகிறவர்களை முந்த வேண்டுமானால் வலது பக்கம் போ, முந்தி முடித்து, இடமும் இருந்தால் இடது பக்கம் திரும்பு. இதை ஒப்பிக்காத மாணவர் கிடையாது. சாலையில் ஏறியதும்தான் ஆளுக்கொரு சட்டம் பிறக்கிறது.

ஐடியில் வேலை பார்க்கும் ஒருவர், லைசன்ஸ் வாங்கிக் கொஞ்ச காலம் ஊருக்குள் ஓட்டியவர், என்னோடு எம்1 மோட்டார்வேயில் வந்தார். நன்றாகவே ஓட்டினார். ஒரு லாரியை முந்தினார், அப்புறம் வலது லேனிலேயே வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் குரூஸ் கன்ட்ரோலை 70க்குப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நடு லேன் காலி. பின்னால் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. "லெஃப்ட்டுக்கு வந்துடலாமே" என்றேன்.

"நான் 70ல போறேன் சார். லிமிட்டே அவ்வளவுதான். அவன் என்னைத் தாண்டணும்னா சட்டத்தை மீறித்தான் தாண்டணும். அதுக்கு நான் ஏன் ஒதுங்கணும்?"

இந்த வாதத்தை நான் நம்மவர்களிடம் மட்டும் கேட்கவில்லை. இங்கேயே பிறந்து நாற்பது வருஷம் ஓட்டிய பெரியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் 264வது விதியில் பின்னால் வருகிறவனின் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பின்னால் வருகிறவன் 70ல் வந்தாலும் 90ல் வந்தாலும் உங்களுக்கு இடது பக்கம் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவன் வேகத்துக்கு அவன் போலீஸிடம் பதில் சொல்லிக்கொள்ளட்டும். நம்மை யாரும் அந்த வேலைக்கு வைக்கவில்லை, சம்பளமும் தரவில்லை. ஹைவே கோடும் பின்னால் வருகிறவன் அவசரப்பட்டால் விட்டுவிடு என்றுதான் சொல்கிறது.

இதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. சரி என்று போனை எடுத்து அதில் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தைப் படித்தேன்: 66. அவருடைய ஸ்பீடாமீட்டரில் முள் 70ல் அசையாமல் நிற்கிறது. ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சட்டம். கூட்டிக் காட்டலாம், அதற்குத் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கார் கம்பெனிகள் எல்லாமே கொஞ்சம் கூட்டித்தான் வைக்கின்றன. அதாவது இவர் 66ல் போய்க்கொண்டு, லிமிட்டுக்குள் 69ல் வரும் ஒரு வேன்காரனைச் சட்டத்தின் பெயரால் மறித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இன்டிகேட்டர் போட்டு இடது பக்கம் வந்தார். வேன் போயிற்று.

அந்த 70 எப்படி வந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. 1958 டிசம்பரில் பிரிட்டனின் முதல் மோட்டார்வேயான பிரெஸ்டன் பைபாஸ் திறந்தபோதும், அடுத்த ஆண்டு எம்1 திறந்தபோதும் வேக வரம்பே கிடையாது. 1964ல் ஏசி நிறுவனம் தன் கோப்ரா பந்தயக் காரை விடியற்காலையில் எம்1ல் விட்டு மணிக்கு 180 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தது, அதுவும் யார் சட்டத்தையும் மீறாமல். 1965 இலையுதிர் காலத்தில் பனிமூட்டத்தில் அடுத்தடுத்து விபத்துகள். அந்த டிசம்பரில் போக்குவரத்து அமைச்சர் டாம் ஃப்ரேசர் நாலு மாத சோதனை என்று சொல்லி 70ஐக் கொண்டுவந்தார். 1967ல் பார்பரா காசில் அதை நிரந்தரமாக்கினார். அன்றைய கார்களின் பிரேக்கையும் டயரையும் மனதில் வைத்துப் போட்ட எண் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இருக்கட்டும். ரோட்டில் ஓடும் கார் மாறியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் கண்ணால் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக எடுக்கும் நேரம் மாறவில்லை.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. ஒரு நர்ஸ் அம்மா, டெஸ்ட் பாஸாகிப் புதுசு. எம்25ல் மழை விட்ட சாயங்காலம், ரோடு இன்னும் ஈரம். நாங்கள் இருந்த இடத்தில் மூன்று லேன். இடது லேனில் வரிசையாக லாரிகள்; நடுவில் கேரவன் என்கிற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு கார். கேரவன் இழுப்பவர்கள் வலது ஓர லேனுக்கு வரக்கூடாது, 60க்கு மேல் போகவும் கூடாது. ஆக, இந்த அம்மா முந்த வேண்டுமென்றால் வலது ஓரத்துக்குத்தான் போக வேண்டும். கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்து, ஒழுங்காகத்தான் போனார். பாதி முந்தியிருப்பார், பின்னால் ஒரு கறுப்பு கார் வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் அதன் நம்பர் பிளேட்டே தெரியவில்லை, அவ்வளவு நெருக்கம்.

"சார், மோதிடுவான் சார்." ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எழும்பிவிட்டது.

"காலை எடுக்காதீங்கம்மா. முன்னாடி பாருங்க. இப்படியே போங்க."

கால் எழும்பினால் வேகம் குறையும், முந்துவது இன்னும் இழுக்கும், பின்னால் இருக்கிறவன் இன்னும் நெருங்குவான். அவன் விரட்டுகிறான் என்று 80க்கு மிதித்தாலும் மாட்டுவது நாம்தான். பிரேக்கை லேசாகத் தொட்டு அவனைப் பயமுறுத்தலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நமக்கு முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொள்வது. முன்னால் எதாவது ஆனால் நாம் மெதுவாக பிரேக் பிடிக்க முடியும்; பின்னால் வரும் அந்தப் புத்திசாலிக்கும் சேர்த்து நாமே நேரம் வாங்கிக்கொடுக்கிறோம்.

70 மைல் வேகத்தில் ஒரு நொடிக்கு 31 மீட்டர் ஓடுகிறோம். ஹைவே கோட் கணக்குப்படி நிற்க 96 மீட்டர் வேண்டும். அதில் யோசிக்க மட்டுமே 21 மீட்டர். அதுவும் காய்ந்த ரோட்டில். அந்தக் கறுப்பு கார் எங்களிடமிருந்து பத்து மீட்டர்கூடத் தள்ளி இல்லை. நாங்கள் சட்டென்று பிரேக் பிடித்தால், அவன் பார்த்து, பிரேக் பிடித்து நிற்பதற்குள் அவன் கார் எங்கள் டிக்கிக்குள் வந்திருக்கும். சாதாரண நேரத்தில் இரண்டு நொடி இடைவெளி, ஈரமென்றால் அதைப் போல இரண்டு பங்கு. விரலை மடக்கி எண்ணுகிற அளவுக்குச் சுலபமான விஷயம், ஆனால் யாரும் விடுவதில்லை. விட்டால் நடுவில் இன்னொருவன் புகுந்துவிடுவான் என்கிறார்கள். புகுந்தால் புகட்டும், இன்னும் கொஞ்சம் பின்னால் வாங்கிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அப்படி விட்டுக்கொடுத்தாலும் போய்ச்சேர ஓரிரு நிமிஷம்தான் தாமதமாகும்.

அந்த அம்மா முந்தி முடித்தார். உள்கண்ணாடியில் கேரவன்காரரின் இரண்டு ஹெட்லைட்டும் முழுசாகத் தெரிந்த பிறகு இடது பக்கம் வந்தார். அதற்கு முன்னால் வந்தால் அவர் மூஞ்சிக்கு நேரே வெட்டி நுழைகிற மாதிரி ஆகிவிடும். கறுப்பு கார் விர்ரென்று போயிற்று. "ஒரு தேங்க்ஸ்கூட சொல்லலை பாருங்க சார்" என்றார். பயம் போய்விட்டது, கோபம் வந்துவிட்டது என்றால் பாடம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வேன்.

எல்லோரும் திட்டுவது லாரிக்காரர்களை. ஒரு லாரி இன்னொரு லாரியை முந்துகிறேன் என்று நடு லேனில் வந்து நாலு நிமிஷம் நகராமல் நிற்கும். அவர்கள் நிலைமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் திட்ட மனசு வராது. கனரக லாரிகளுக்கு 56 மைலில் லிமிட்டர் பூட்டியிருக்கிறது. அதற்கு மேல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வண்டி கேட்காது. முன்னால் போகிற லாரி 55ல் போகிறது. வித்தியாசம் ஒரு மைல், அதாவது நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு லாரியும் 16 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஒரு இடைவெளி, முன்னால் ஒரு இடைவெளி எல்லாம் சேர்த்தால் நூறு மீட்டர் கடக்க வேண்டும். கிட்டத்தட்ட நாலு நிமிஷம், மூன்றரை மைல் தூரம். இதில் ஏற்றம் ஒன்று வந்தால் கதை கந்தல்.

ஆனால் மரியாதை என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் அவர்களைத்தான் பார்க்க வேண்டும். முந்தப்படும் லாரிக்காரர் வேகத்தை ஒரு பொட்டு குறைப்பார். அடுத்தவரின் வால் தாண்டியதும் ஹெட்லைட்டை ஒரு தடவை சிமிட்டுவார்: வரலாம், இடம் இருக்கு. முந்தியவர் இடது பக்கம் வந்து இன்டிகேட்டரை இடம் ஒன்று வலம் ஒன்று போட்டு நன்றி சொல்வார். ஹைவே கோடைக் கேட்டால் லைட் அடிப்பது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே என்று முகத்தைச் சுளிக்கும். மாணவர்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தருகிறேன், ஏனென்றால் நம்மூரில் எதிரே வருகிறவன் லைட் அடித்தால் 'நான் வர்றேன், நீ நில்லு' என்று அர்த்தம். இங்கே பெரும்பாலும் 'நீ போ'. இரண்டையும் குழப்பிக்கொண்டால் அவ்வளவுதான். லாரிக்காரர்களின் அந்தச் சிமிட்டலை மட்டும் நான் ரசித்துக்கொள்கிறேன்.

நடு லேனிலேயே குடியிருப்பவர்கள் தனி ஜாதி. 2013 ஆகஸ்ட்டிலிருந்து இதற்கும், ஒட்டிக்கொண்டு ஓட்டுவதற்கும் போலீஸ் நேரடியாக 100 பவுண்டு அபராதமும் லைசன்ஸில் 3 பாயின்ட்டும் (தண்டனைப் புள்ளி) போடலாம். லைசன்ஸ் வாங்கி இரண்டு வருஷத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசன்ஸே போய்விடும் என்பதால் புதியவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. அவர்கள் திமிரில் அங்கே நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. இடது பக்கம் போய்விட்டால் லாரிக்குப் பின்னால் மாட்டி, மறுபடி வெளியே வர இடம் கிடைக்காதோ என்ற பயம்தான். இந்தியாவில் ஓட்டிவிட்டு வந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே நாலு வழிச் சாலையில் இடது ஓரத்தில் நிறுத்தின வண்டி, எதிர்த்திசையில் வரும் பைக், குறுக்கே வரும் ஆள் என்று எதுவும் இருக்கும். விவரம் தெரிந்தவன் வலது பக்கமே போவான், இடது பக்கமாகவும் முந்துவான். அங்கே உயிரைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே பாயின்ட் வாங்கித் தரும்.

அந்த ஐடிக்காரரை அடுத்த முறை கூட்டிப் போனபோது வழியில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. 50 மைல் வரம்பு, சராசரி வேகம் பார்க்கும் கேமராக்கள். இப்போது ஒழுங்காக இடது லேனில் இருந்தார், ஸ்பீடாமீட்டரில் சரியாக 50. ஒரு பெரிய லாரி பின்னால் வந்து கண்ணாடி முழுக்க நிறைந்தது.

"கேமரா இருக்கிற இடத்துலகூட இவன் லிமிட்டை மீறுறானா சார்?"

"அவர் லாரியில டேக்கோகிராஃப் இருக்கு, வேகத்தைப் பதிவு பண்ற கருவி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் சரிபார்த்தாகணும். அவர் 50ல்தான் வர்றார். நீங்க எவ்வளவுல போறீங்க?"

போனைப் பார்க்கச் சொன்னார். 47. ஒன்றும் சொல்லாமல் முள்ளை 52க்குக் கொண்டுபோனார். லாரி அதற்கு மேல் நெருங்கவில்லை. ஒரு மைல் போனதும், "அப்ப எம்1ல வந்த அந்த வேன்காரன்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ரோடு வேலை முடிந்து, வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட போர்டு, அதாவது இனி பழையபடி 70 என்பது, வந்துவிட்டது.

"கண்ணாடி பாருங்க" என்றேன். பின்னால் இன்னும் அதே லாரி. நாங்கள் 70க்கு எடுத்தோம்.