கொழும்பில் ஸ்டீல் ஹார்ட்டெயில்: பிரேம் தேடுகிறவர்களுக்கு

கொழும்பில் இருந்துகொண்டு ஹார்ட்டெயிலுக்கு, அதாவது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் சைக்கிளுக்கு, ஸ்டீல் பிரேம் வாங்கப்போகிறேன் என்று சொன்னால், சைக்கிள் ஓட்டுகிறவரோ ஓட்டாதவரோ, எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கறள் பிடிக்காதா?" பிடிக்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக வீடு உள்ளவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும். ஆனாலும் வெளியே பெயின்ற் உரிந்த இடத்துக் கறளுக்கு நான் பெரிதாகப் பயப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, தேய்த்துவிட்டுப் பூசலாம். பிரேமைத் தின்பது குழாய்க்குள் இருக்கும் கறள். மழையில் ஓடும்போது சீற்றைத் தாங்கும் சீற் குழாயின் வாயாலும், வெல்டிங் செய்யும்போது காற்றுப் போகவென்று விட்ட சின்னத் துளைகளாலும் தண்ணீர் இறங்கி, கடைசியில் பெடல் அச்சு சுற்றும் பொட்டம் பிராக்கெட் கூட்டுக்குள் போய்த் தேங்கும். அங்கே அடியில் ஒரு வடிகால் துளை இருக்கிறதா என்று படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் விற்கிறவரிடம் கேளுங்கள். சில நிறுவனங்கள் பிரேமை முழுதாகத் தொட்டிக்குள் இறக்கி மின்சாரம் பாய்ச்சி உள்ளும் புறமும் பூச்சு ஏற்றுகின்றன, விபரத்தில் ஈ.டி. கோட்டிங் என்று போட்டிருக்கும். கார் பொடிகளுக்குச் செய்வதும் அதேதான். அந்தப் பூச்சு இல்லாத பிரேம் என்றால், பாகங்கள் பூட்டுவதற்கு முன்பே, வாகனங்களுக்கு அடிக்கும் கறள் தடுப்பு மெழுகை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டு, பிரேமை உருட்டிப் பிரட்டி ஒரு நாள் காயவிடவேண்டும். ஊத்தை வேலைதான், ஆனால் ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் நெடுநாளைக்கு நிற்கும்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை: ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய சீற் போஸ்ட். இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து, அந்த வெள்ளைப் பொடி உப்பிப்போய் போஸ்டை இறுக்கிவிடும். பிறகு கழற்ற வாளும் கோஸ்டிக் சோடாவும் வேண்டும். இடைக்கிடை கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசிப் போடுங்கள், கடலோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் அடிக்கடி.

இவ்வளவு கரைச்சல் என்றால் அலுமினியத்தை வாங்கிவிட்டுப் போகலாமே? போகலாம், அதில் ஒரு பிழையும் இல்லை. எடையும் குறையும், சாதாரண ஸ்டீல் ஹார்ட்டெயில் பிரேம் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும், அலுமினியத்தில் அரைக் கிலோவுக்கு மேல் மிச்சம். "ஸ்டீல் மெத்தை மாதிரி ஓடும்" என்று சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன். முக்கோணமாகக் கட்டிய ஒரு சட்டம் மேலுங்கீழுமாக அவ்வளவு வளையாது. 2.4 அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், எந்த உலோகமும் தராத சுகம் கிடைக்கும். ஸ்டீலில் எனக்குப் பிடித்தது வேறு. ஓர் அளவுக்குக் கீழே அது எத்தனை தரம் வளைந்து நிமிர்ந்தாலும் களைக்காது, அலுமினியத்துக்கு அப்படிப் பாதுகாப்பான எல்லை ஒன்று கிடையாது. கல்லில் விழுந்தாலும் பெரும்பாலும் நெளியும், சட்டென்று முறியாது. அதோடு சிறிய தயாரிப்பாளர்கள் ஸ்டீலில்தான் துணிந்து புதிய அளவுகளைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

குழாயில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பற்றி. 4130 என்பது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த ஸ்டீல், குரோமோலி என்று சொல்வது இதைத்தான். சேர்லி கராட்டி மங்கி, கோனா யூனிட் எல்லாம் இந்த வகை. ரெனோல்ட்ஸ் பர்மிங்காம்காரர்கள், 1935இல் 531 குழாயைக் கொண்டுவந்து பெயர் எடுத்தவர்கள். அவர்களுடைய 853 வெல்டிங் சூடு ஆறும்போது இணைப்புப் பக்கத்தில் பலம் இழக்காமல் இறுகும் இனம், கொட்டிக் சோல் போன்ற பிரேம்களில் வருவது. சரி, 853 என்றால் கூடுதல் விறைப்பா, கூடுதல் மென்மையா? இரண்டும் இல்லை. எல்லா ஸ்டீலின் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்று, 200 கிகாபாஸ்கல் அளவில். மாறுவது பலம்தான், பலம் கூடினால் சுவரை மெல்லிதாக்கலாம், எடை குறையும். அந்தச் சில நூறு கிராமுக்காக விலை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏறும்போது, அந்தக் காசை நல்ல ஃபோர்க்கில், அதாவது முன்சில்லைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கவையில், போடுவதுதான் என் கணக்கு. 'ஹை டென்சில்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம், அது கடைக்குப் போய்வரும் சைக்கிளுக்கானது.

உண்மையில் நேரம் செலவழிக்கவேண்டியது அளவுப் பட்டியலில். அதிலும் முதலில் ஃபோர்க்கின் நீளம், பிரேம் பிறகு. எந்த பிரேமும் ஏதோ ஒரு ஃபோர்க் நீளத்தை நினைத்துத்தான் வரையப்படுகிறது; 20 மில்லிமீற்றர் கூடினால் ஃபோர்க் நிலத்தோடு சாய்ந்திருக்கும் ஹெட் கோணம் ஏறக்குறைய ஒரு பாகை சரியும், சீற் குழாயின் கோணமும் அதேயளவு பின்னுக்குப் போகும். 120 மில்லிமீற்றர் அமரும் ஃபோர்க்குக்கான பிரேமில் 150ஐப் போட்டால் ஏற்றத்தில் முன்சில்லு அலையும், ஃபோர்க் செருகும் ஹெட் குழாயின் இணைப்புக்கும் அது நல்லதில்லை. ஹார்ட்டெயிலுக்கென்றே உள்ள இன்னொரு சங்கதி: நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் மட்டும் அமரும், பின்பக்கம் அமராது. 140 ஃபோர்க் கால்வாசி அமர்ந்தால் கோணம் ஒன்றரைப் பாகைக்கு மேல் செங்குத்தாகிவிடும். ஆகவே காகிதத்தில் 65 பாகை என்று பார்த்து "ஐயோ, இது டவுன்ஹில் சைக்கிள்" என்று பயப்படாதீர்கள், ஆள் ஏறினால் அது 66.5 போல ஓடும். இரண்டு பக்கமும் அமரும் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளின் எண்ணோடு இதை நேரே ஒப்பிடவும் முடியாது.

எங்களுக்கு எவ்வளவு வேண்டும்? கொழும்பிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரக்கூடியது பாதுக்கை, லபுகமப் பக்கத்து றப்பர் தோட்டப் பாதைகள். வேர், வழுக்கும் களி, திடீரென்று வரும் கல்லடுக்கு. விடுமுறைக்கு ஹப்புத்தளை, ஹந்தானைப் பக்கம் போனால் நீண்ட ஏற்றமும் தேயிலைத் தோட்டத்துக் கல் றோட்டும். இதற்கெல்லாம் 120இலிருந்து 130 வரை தாராளம். நான் அதைவிடக் கூட மதிப்பது பின்சில்லைச் சுற்றியுள்ள இடைவெளியை. இங்கே இரண்டு மழைக்காலம், செம்மண் களி டயரில் உருண்டு வந்து பின்சில்லின் இருபக்கக் குழாய்களான செயின்ஸ்டேயில் அடைத்தால் சில்லு சுற்றாது, சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டியதுதான். "29க்கு 2.6 வரை போகும்" (29 அங்குலச் சில்லில் 2.6 அங்குல அகல டயர்) என்று எழுதியிருந்தால் 2.35 போட்டுக்கொண்டு மிச்ச இடத்தைச் சேற்றுக்கு விடுங்கள்.

அப்புறம் உதிரிப்பாகம். புறக்கோட்டையில் என்ன கிடைக்கும், எதை வெளியிலிருந்து எடுக்கவேண்டும் என்பதை வைத்துத்தான் பிரேமின் தரங்களைப் பார்ப்பேன். பொட்டம் பிராக்கெட் மரை போட்ட 73 மில்லிமீற்றராக இருக்கட்டும், அழுத்திச் செருகும் வகை வேண்டாம். உள்ளே தண்ணீர் போய் பெயாரிங் செத்தால் அதற்கென்றுள்ள சாவியோடு வீட்டிலேயே மாற்றலாம். பின் அச்சு 148க்கு 12 (அகலமும் தடிப்பும், மில்லிமீற்றரில்) என்றால் புதிய மவுண்டன் சில்லுகள் பெரும்பாலானவை பூட்டும்; கையில் பழைய 135 சில்லு இருக்கிறது என்பதற்காக பிரேமையும் பழைய தரத்தில் எடுக்காதீர்கள். ஹெட் குழாய் 44 மில்லிமீற்றர் நேர்க்குழாய் என்றால், பொருத்தமான ஹெட்செட்டோடு (ஃபோர்க் திரும்பும் பெயாரிங் தொகுதி) ஃபோர்க்கின் மேற்குழாய் நேராக இருந்தாலும் அடி தடித்த டேப்பராக இருந்தாலும் போகும். ஓடும்போதே சீற்றை இறக்கி ஏற்றும் டிரொப்பர் போஸ்ட் போடும் எண்ணம் இருந்தால் சீற் குழாய் 30.9 அல்லது 31.6, உள்ளே கேபிள் போகத் துளை, நடுவில் வளைவு இல்லாத நேர்க்குழாய். உயரம் குறைந்தவர்கள் இந்தக் கடைசியைக் கட்டாயம் பாருங்கள், சின்ன அளவு பிரேமில் போஸ்ட் முழுதாக இறங்காவிட்டால் டிரொப்பர் வாங்கியும் பயனில்லை.

"ஸ்டீல்தானே, உடைந்தால் எங்கேயும் ஒட்டலாம்" என்பதையும் கொஞ்சம் யோசித்துச் சொல்லவேண்டும். நல்ல குழாயின் சுவர் நடுவில் 0.6 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். கேற் வெல்டிங் செய்கிறவரின் ஆர்க் கம்பி அதில் ஓட்டை போட்டுவிடும். டிக் வெல்டிங்கோ பித்தளை ஒட்டோ மெல்லிய குழாயில் செய்து பழகிய கை வேண்டும், ஒட்டியபிறகு பின்முக்கோணம் நேராக இருக்கிறதா என்று பார்க்கவும் தெரிந்திருக்கவேண்டும். பின் அச்சு பூட்டும் டிராப்அவுட் வளைவது வேறு, அதை நிமிர்த்தலாம்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களுக்குள் 90களின் குரோமோலி மவுண்டன் பிரேம்கள் அபூர்வமாக அகப்படும். விலை பார்த்து மயங்குவது இயல்பு. ஆனால் அவை 26 அங்குலச் சில்லுக்கும் கட்டை ஃபோர்க்குக்கும் போட்டவை, பலதில் டிஸ்க் பிறேக் பூட்ட இடமே இருக்காது. காலிமுகத்திடல் வரை ஓடுவதற்கு அருமையான சைக்கிள், லபுகமவுக்கு இல்லை.

கடைசியாக, பிரேமை மட்டும் வெளியில் வாங்கி லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் மச்சான் வரும்போது கொண்டுவரச் சொல்வதுதான் எங்களில் பலருடைய வழி. அவருடைய பெட்டிக் கிலோவில் பெரும்பங்கு போகும் என்பதை முதலே சொல்லிவிடுங்கள், பிறகு மாமி அனுப்பிய பால்மாவுக்கு இடமில்லை என்று வீட்டில் பிரச்சினை வரும். பின் டிராப்அவுட் இரண்டுக்கும் நடுவில் அச்சின் அகலத்துக்கு ஒரு மரத்துண்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள், அச்சே கூட வந்தால் அதைப் பூட்டியே அனுப்பட்டும். விமானத்தில் மேலே இன்னொரு பெட்டி விழுந்து ஸ்டே நெரிந்தால், இங்கே வந்து டிஸ்க் பிறேக் உரசும்போதுதான் தெரியவரும்.