தடைக்காலப் பள்ளிக்கூடம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கரையில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் இனம் பெருகட்டும் என்று அரசாங்கம் போட்டிருக்கிற 61 நாள் தடை. பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் முழுப்பரீட்சை லீவு. ஆக, ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற எங்கள் மண்டபம் பக்கம் படகை நம்பியிருக்கிற வீடுகளில் அப்பாவும் பிள்ளைகளும் ஒரே ஃபேனுக்கு அடியில் கிடப்பார்கள். மீனுக்குக் கிடைக்கிற நிம்மதி அந்த வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது.

இந்த வருடம் என் வீட்டுக்காரர் சும்மா கிடக்கவில்லை. மகள் எட்டாவது முடித்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி, ஒன்பதாவதுக்கு வெளியூர் போக வேண்டும். "ஹைஸ்கூல்ல போய் எம்மக முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. லீவுல நானே பாடம் எடுக்கறேன்" என்று அறிவித்தார். இவர் படகு டிரைவர். பத்தாவதில் கணக்கில் 35 மார்க். "பாஸ்னா பாஸ்தானே" என்பார். நானும் மறுக்கவில்லை. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமல் வேடிக்கை பார்க்கலாமே.

முதல் வேலை, கரும்பலகை. படகு மராமத்தில் மிஞ்சிய பிளைவுட்டும் மிஞ்சிய பச்சை பெயின்ட்டும் வந்தன. எனாமல் பெயின்ட், கடல் காற்று வேறு. லேசில் காயவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது, சாக்பீஸ் வழுக்குகிறது. என் துணி மார்க் பண்ணுகிற சாக்கை எடுத்துப் பார்த்தார், அதுவும் பிடிக்கவில்லை. உப்புத்தாள் வாங்கி வந்து தேய்க்க உட்கார்ந்தார். தேய்த்த தூசியெல்லாம் கொடியில் கிடந்த துணியில். மாமியார் வாசலில் காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். கடைசியில் சுவரில் கரித்துண்டால் எழுதினார்கள். அந்தச் சுவர் பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்தது.

கடலுக்குப் போகிறவருக்கு விடிகாலையிலேயே முழிப்பு வந்துவிடும். அதனால் முதல் பீரியட் ஐந்து மணிக்கு. அட்டென்டன்ஸ் எடுக்கும்போது சின்னவன் தூக்கத்திலேயே "உள்ளேன் ஐயா" சொல்லிப் பழகிவிட்டான்.

கணக்குப் பாடம் மட்டும் நன்றாகத்தான் ஆரம்பித்தது. புத்தகத்துக் கணக்கு பிள்ளைகளுக்கு ஏறாது, நம்ம கணக்கைச் சொன்னால் ஏறும் என்று பங்குக் கணக்கைப் போட்டார்.

"கடல்லயே தங்கிப் புடிச்சுட்டு வர்ற ஒரு தங்கலுக்கு இறாலும் கணவாயும் 90,000 ரூபாய்க்குப் போச்சு. டீசல், ஐஸ், சாப்பாடு 60,000. மிச்சம்?"

"30,000."

"அதுல ஓனருக்குப் பாதி, ஆளுகளுக்குப் பாதி. டிரைவருக்கு ரெண்டு பங்கு, மத்த நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. டிரைவருக்கு எவ்வளவு?"

மகள் கரித்துண்டை எடுத்தாள். பதினைந்தாயிரத்தை ஆறால் வகுத்தாள், இரண்டால் பெருக்கினாள். 5,000 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். விடை சரி. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

நான் மெஷினை நிறுத்தினேன். "ஏங்க, தடைக்கு முன்னாடி கடைசித் தங்கல்ல 90,000 ஓடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? வீட்டுக்கு 3,500தானே வந்துச்சு?"

சின்னவனுக்கு அப்போது பார்த்து முழுசாகத் தூக்கம் கலைந்துவிட்டது. "1,500 குறையுதும்மா" என்றான். கழித்தல் கணக்கில் எப்போதும் கடன் வாங்க மறக்கிற பயல்.

"இன்னைக்குக் கணக்கு போதும். அடுத்தது சமூக அறிவியல்" என்று எழுந்து, இருவரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்துக்குக் கிளம்பிவிட்டார். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-ல் வந்த ரோட்டுப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், கப்பலுக்கு வழிவிட அதில் 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறுவது என எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்த பிள்ளைகளின் வாயைப் பார்த்தேன், ஐஸ்கிரீம். அந்த 1,500 போகிற வழி ஓரளவு புரிந்தது.

ஹைஸ்கூல் விஷயத்துக்கு வருகிறேன். சொந்தத்தில் ஆளுக்கொரு யோசனை. அண்ணன், இராமநாதபுரத்தில் சேர்த்து ஹாஸ்டலில் விடு என்றார். "கலாமே ராமேஸ்வரத்துல இருந்து ராம்நாட் போய்த்தான் ஹைஸ்கூல் படிச்சாரு." கலாம் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கம் எதிர்த்துப் பேச முடியாது, அதைத் தெரிந்துதான் சொல்வார்கள். நாத்தனார், பர்ஸ்ட் குரூப்பா காமர்ஸா என்று இப்போதே கேட்கிறார். பிள்ளை இன்னும் ஒன்பதாவது புத்தகத்தையே கையில் வாங்கவில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு 2018-லிருந்து இருந்த பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்களே, அதற்கே நான் ஒரு தேங்காய் உடைக்கலாம் என்றிருந்தேன்.

மகள் தனியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மீன்வளப் படிப்பு, நாலு வருடம், தூத்துக்குடியில் 1977-லிருந்து கல்லூரி இருக்கிறது. அதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். அதனால் பத்தோடு முடிகிற பள்ளி வேண்டாம், பன்னிரண்டு வரை உயிரியல் குரூப் இருக்கிற பள்ளி வேண்டும். கவர்ன்மென்ட் பஸ்ஸில் பாஸ் இலவசம். காலை பஸ் நேரத்தையும் எழுதிப் பக்கத்தில் "அப்பா ஐந்து மணிக்கு எழுப்புவதால் லேட் ஆகாது" என்று குறித்திருந்தாள். இவர் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மீனைப் பத்திப் படிக்க காலேஜா? எங்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?" என்றார் மாமியார்.

"அப்பத்தா, மீன் எந்த மாசம் முட்டை போடும்?"

"போடுறப்ப போடும். நீ போய் கருவாட்டைப் புரட்டிப் போடு."

அந்த நோட்டில் இருந்த பள்ளியிலேயே சேர்த்துவிட்டோம். அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடின. தடை முடிய இன்னும் நாள் கிடக்கிறது. வாத்தியாருக்கு மாணவர்கள் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து என் தையல் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தார். "எதுத்த வீட்டு ஜாக்கெட் லைனிங்குக்குக் காசு வாங்கல. அம்பது ரூபா விட்டுட்ட."

"அந்த 1,500 எங்கேன்னு எழுதிக் குடுங்க, அதையும் சேர்த்துத் திருத்திக்கலாம்" என்றேன்.

உள்ளேயிருந்து மாமியார் கத்தினார்: "ஏம்ப்பா, கடலை எப்பத்தான் தொறப்பாங்க?"