இ-சேவை மையத்து நாட்குறிப்பு: ஜூன், ஜூலை 2025

ஜூன் 12

கல்லூரிச் சேர்க்கைக் காலம். ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து என் மையத்தில் காத்துக் கிடக்கிற மாதம் இதுதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. ஒன்றுக்கு 60 ரூபாய்.

பிளஸ் டூ முடித்த ஒரு பெண், "அண்ணா, சாதி கேக்குற எடத்த காலியா விட முடியாதா?" என்றாள். பக்கத்தில் நின்ற அப்பா முறைத்தார். திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019-இல் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழே வாங்கினாரே, அதை யூடியூபில் பார்த்திருக்கிறாள். பள்ளிச் சான்றிதழில் சாதியைக் குறிப்பிடாமல் விடலாம் என்று 1973-லேயே அரசாணை இருக்கிறது என்று நானும் எடுத்துக் கொடுத்தேன். அப்பா இப்போது என்னையும் முறைத்தார்.

அவர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. 69 சதவீத இடஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டால் இவள் போய் நிற்க வேண்டியது பொதுப்பிரிவில். அங்கே தனிப்பயிற்சிக்கு லட்சம் லட்சமாகக் கட்டியவர்களின் பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். சாதியை விட்டுத் தொலைக்கவும் கையில் நாலு காசு இருக்க வேண்டியிருக்கிறது. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விண்ணப்பம் போட்டாயிற்று.

ஜூன் 20

முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயை எடுக்க வந்த ஆயாவின் கைரேகை விழவில்லை. வாழ்நாள் முழுக்கத் தறிக்குப் பாவு நூல் பிணைத்துப் பிணைத்தே வழவழவென்று ஆகிப்போன கட்டைவிரல். ஈரத்துணியில் துடைத்தார், முந்தானையில் தேய்த்தார், ஊதிப் பார்த்தார், மறுபடி வைத்தார். கடைசியில் இடது கை மோதிரவிரல் ஏற்றுக்கொண்டது. "அது வேல செய்யாத வெரலு, அதான் நல்லாக்கீது" என்று சிரித்தார்.

உழைத்த கையை அடையாளம் தெரியாத கருவிக்குத்தான் மொத்த நாட்டின் அடையாளத்தையும் ஒப்படைத்திருக்கிறோம்.

ஜூலை 1

இன்று முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டும்தான் ஆன்லைனில் தட்கல் ரயில் டிக்கெட். வரும் 15-ஆம் தேதி முதல் ஓடிபியும் உண்டாம். ஏசிக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. இரண்டிலும் முதல் அரைமணி நேரம் முகவர்கள் உள்ளே நுழைய முடியாது. என்னைக் கேட்டால் நல்ல விதி. கள்ள மென்பொருளை வைத்துக்கொண்டு, நாம் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் டிக்கெட்டை அள்ளிக்கொண்டு போனவர்கள் கொஞ்சநஞ்சமா! ஆதாரில் பழைய சிம் நம்பரைக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கியெறிந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். நம் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான்.

ஜூலை 8

1939-இல் இதே நாளில்தான் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வாசலில் வரவேற்று உள்ளே அழைத்துப் போனார். கும்பிடப் போவதற்கே துணையும் திட்டமும் தேவைப்பட்ட காலம். அதன்பிறகு சட்டம் வந்தது, தடை போனது. இன்று பெரிய கோயில் எதற்குப் போனாலும் வாசலிலேயே இரண்டு வழி: தர்ம தரிசனம், கட்டண தரிசனம். பிறப்பைப் பார்த்து நிறுத்தி வைத்ததும் பணத்தைப் பார்த்து நிறுத்தி வைப்பதும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாமி முன்னால் எல்லாரும் ஒன்று என்று ஒலிபெருக்கியில் சொல்வதையாவது நிறுத்தலாம்.

ஜூலை 13

ஒரு அக்கா, சீர் வைக்க வாங்கிய மோதிரத்தைக் கொண்டுவந்து, "ஒரிஜினல்தானா பாரு தம்பி" என்றார். 2023 ஏப்ரலில் இருந்து கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து, எண் கலந்த குறியீடு இருக்க வேண்டும். போன் கேமராவைப் பெரிதாக்கி மோதிரத்தின் உள்பக்கம் பார்த்தால் எறும்பு ஊர்ந்தமாதிரி தெரிந்தது. இந்தியத் தரநிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டதும் நகைக்கடைப் பதிவெண், சுத்தம் எல்லாம் வந்து நின்றன. அக்காவுக்கு நிம்மதி. கழுத்தில் கிடந்த அவர் அம்மாவின் சங்கிலியில் எந்த எண்ணும் இல்லை. "இதுக்கு எதுக்குடா நம்பரு" என்று கிளம்பிவிட்டார்.

ஜூலை 24

அக்டோபர் மாதத்துக்கான திருப்பதி 300 ரூபாய் டிக்கெட் இன்று காலை 10 மணிக்குத் திறந்தது. புரட்டாசி சனிக்கிழமை இரண்டு அதில் வருகிறது, 4-ம் 11-ம். சொல்லவே வேண்டாம். ஒரு நெசவாளிக் குடும்பம் ஒன்பதுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறு பேர், ஆறு ஆதார் ஜெராக்ஸ். திரையில் காத்திருப்பு வரிசை சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே விட்டபோது இரண்டு சனிக்கிழமையும் காலி.

ஏதோ டெண்டர் வேலையாக வந்திருந்த கான்டிராக்டர் ஒருவர், "எதுக்குத் தம்பி இந்தப் பாடு? தேவஸ்தானத்தோட ஸ்ரீவாணி டிரஸ்டுக்குப் பத்தாயிரம், டிக்கெட்டுக்கு ஐந்நூறு. கட்டினா விஐபி பிரேக் தரிசனம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. போன ஜனவரி 8-ஆம் தேதி இலவச டோக்கனுக்காகத் திருப்பதியில் முண்டியடித்த கூட்டத்தில் சிக்கி ஆறு பேர் செத்தார்களே, அவர்களுக்கு யாராவது இப்படி ஒரு வழி சொல்லியிருப்பார்களா? ஆனால் அந்த டிரஸ்ட் பணத்தில் பட்டியலின மக்களின் குடியிருப்புகளில் கோயில் கட்டுகிறார்கள் என்பதும் உண்மைதான். அதுவும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. முதலில் நம் கோயிலுக்குள் விட மறுத்தோம், இப்போது அவர்கள் தெருவிலேயே ஒன்று கட்டிக் கொடுக்கிறோம்.

14-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை கிடைத்தது. "புரட்டாசிதானே, கிழமை எதுவா இருந்தா என்னா" என்றார் குடும்பத்தலைவர். 1,800 ரூபாய். அவர் ஜிபேயில் 1,200தான் இருந்தது. திரையில் நேரம் குறைந்துகொண்டே வர, மகன் யாருக்கோ போன் போட, அவர்கள் எடுக்கவில்லை. கான்டிராக்டர் தன் போனை எடுத்து, "நம்பர் சொல்லுய்யா" என்று 600 ரூபாயை அனுப்பினார். திருப்பித் தர வேண்டாமாம், பெருமாள் கணக்காம். நெசவாளி அதை ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் பிரிண்ட் எடுத்து முடிக்கும்வரை இருவரும் என் கடையிலேயே அதற்கொரு சண்டை போட்டார்கள்.