காசு கொடுத்து வாங்கிய உமி

போன சனிக்கிழமை காலை, வீட்டில் பியர் காய்ச்சுபவர்களுக்கான கடையில் நின்று ஒரு பவுண்டு உமி வாங்கினேன். மூன்று டாலர். பிளாஸ்டிக் பை, லேபிள், பார்கோடு எல்லாம் உண்டு. மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்தவரின் பேத்தி நான். பில் போட்ட பையன் "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தாத்தா வேலை பார்த்த மில்லின் பின்பக்கம் உமி மலையாகக் குவிந்து கிடக்கும். அதை அள்ளிப் போட்டுத்தான் நெல் அவிக்கும் அடுப்பு எரியும். மிச்சம் செங்கல் சூளைக்குப் போகும். கருகிய உமியில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய எடுத்து வந்து பல் தேய்ப்போம். உமிக் குவியல் மேல் ஏறி விளையாடினால் ராத்திரி முழுக்க உடம்பு அரிக்கும், கூடவே அம்மாவிடம் அடியும் கிடைக்கும். இதற்குமேல் உமிக்கு ஒரு மரியாதையும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சரி, அதை ஏன் வாங்கினேன்?

சியாட்டிலுக்கு வடக்கே பாத்தெல் என்ற ஊரில் இருக்கிறோம். மூன்று வருடமாக கராஜில் பியர் காய்ச்சுகிறேன். (ஊரில் "காய்ச்சுறா" என்று சொன்னாலே வேறு அர்த்தம். அதனால் மாமியாருக்கு இன்னும் தெரியாது.) இங்கே இது சட்டப்படி சரிதான். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 கேலன், அதாவது 750 லிட்டருக்கு மேல், வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். விற்கக் கூடாது. வாலை வைத்துச் சாராயம் வடித்தால் கதையே வேறு.

முதல் இரண்டு வருடம் டப்பாவில் வரும் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) சாறுதான். தேன் பதத்தில் இருக்கும். தண்ணீரில் கரைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவைத்து ஈஸ்ட் போட்டால் முடிந்தது. பியர் நன்றாகவே வந்தது. ஆனால் கடையில் வாங்கிய மாவில் இட்லி ஊற்றிவிட்டு "நான் அரைத்த மாவு" என்று சொல்வது போல ஒரு உறுத்தல். அதனால் போன வருடம் முழுத் தானிய முறைக்கு மாறினேன். மால்ட்டை நாமே உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அதிலிருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, சாற்றை வடித்து எடுக்க வேண்டும். அந்தச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். 'வோர்ட்' என்று எழுதினாலும் 'வெர்ட்' என்றுதான் சொல்வார்கள்.

மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலையைத் தானியமே பார்த்துக்கொள்கிறது. முளைவிடும்போது உண்டான என்சைம்கள் மால்ட்டுக்குள் காத்திருக்கும், ஏறக்குறைய 62 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் மும்முரமாக வேலை செய்யும். சூடு குறைவாக இருந்தால் ஈஸ்ட்டுக்குப் பிடித்த சர்க்கரை நிறைய வரும், பியர் லேசாக இருக்கும். கூடினால் ஈஸ்ட் தொடாத சர்க்கரை மிஞ்சி, பியர் கனமாக இருக்கும். முளைகட்டின கேழ்வரகு மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சியவர்களுக்கு இது புதிதில்லை. சாதாரண மாவு கெட்டியாகும் இடத்தில் அது நீர்த்துப்போகும். என் பெண்ணுக்கு அம்மா அந்தக் கஞ்சி காய்ச்சும்போது பக்கத்தில்தான் நின்றேன். அதற்குக் காரணம் இதுதான் என்று எனக்கு எட்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

பிரச்சினை போன மாதம் வந்தது. ஜெர்மன் பாணி கோதுமை பியர் காய்ச்ச ஆசைப்பட்டேன். 2.4 கிலோ கோதுமை மால்ட், 2 கிலோ பில்ஸ்னர் பார்லி மால்ட். கடையில் உடைத்துத் தருவது கொஞ்சம் பெரிய நொய்யாக இருக்கிறது, சர்க்கரை குறைவாக இறங்குகிறது என்று சொந்தமாக ஒரு மில் வாங்கியிருந்தேன். இரண்டு உருளை, நடுவில் இடைவெளி. அது அரைக்காது, நசுக்கும். கோதுமை மணி சின்னது, கடினமானது. அதனால் உருளைகளை நெருக்கி, நடுவில் ஒரு கிரெடிட் கார்டு நுழையும் அளவுக்கு, முக்கால் மில்லிமீட்டராக வைத்தேன். அதே இடைவெளியில் பார்லியையும் கொட்டினேன்.

தப்பு அங்கேதான். பார்லி நம் நெல்லைப் போல, உமி ஒட்டிக்கொண்டே வரும். கோதுமை அப்படியில்லை, கதிரடிக்கும்போதே உமி உதிர்ந்துவிடும். ஊறிய தானியத்தை வடிக்கும்போது பாத்திரத்தின் அடியில் இருக்கும் துளைத் தட்டு பேருக்குத்தான் வடிகட்டி. உண்மையில் வடிகட்டுவது தட்டின் மேல் படுக்கையாகப் படியும் பார்லி உமி. என் பாத்திரத்தில் பாதிக்கு மேல் உமியே இல்லாத கோதுமை. மீதிப் பாதியில் இருந்த உமியையும் நானே மாவாக்கி வைத்திருந்தேன்.

ராத்திரி எட்டு மணிக்குக் குழாயைத் திறந்தேன். ஒரு லிட்டர் வந்தது. அப்புறம் நூல் மாதிரி. அப்புறம் சொட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. கரண்டியால் கிளறினால் கொஞ்சம் வரும், மறுபடி அடைக்கும். உள்ளே பார்த்தால் கோந்து காய்ச்சியது போல இருந்தது. ஆற ஆற இன்னும் கெட்டியாகும் என்ற பயத்தில், கொதிக்கிற தண்ணீரை இரண்டு சொம்பு ஊற்றினேன். இது இரண்டாவது தப்பு. பத்தரை மணிக்கு என் வீட்டுக்காரர் கராஜை எட்டிப் பார்த்தார். உள்ளே போய், ஒன்றும் பேசாமல் ஒரு பழைய நாலு முழ வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம். (ஆஸ்திரேலியாக்காரர்கள் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். முழுத் தானியத்தையும் பெரிய துணிப் பையில் போட்டு ஊறவைத்து, பையைத் தூக்கிவிடுவார்கள், வடிகட்டும் தலைவலியே கிடையாது. எங்களிடம் அன்றைக்குப் பை இல்லை, வேட்டிதான் இருந்தது.) எல்லாம் முடித்துக் கழுவிக் கவிழ்க்க ராத்திரி ஒன்றரை ஆகிவிட்டது.

அந்த பியர் குடிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு. டீத்தூளை அடுப்பிலேயே மறந்துவிட்டால் வருமே, அது. தானியம் கிடக்கும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டினால் உமித் தோலிலிருந்து டானின் இறங்க ஆரம்பிக்கும். இரண்டு சொம்பு கொதிநீருக்குக் கூலி. நண்பர்கள் "வித்தியாசமா இருக்கு" என்றார்கள். நம்மவர்கள் ஒரு சாப்பாட்டு விஷயத்தை வித்தியாசம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு மருந்துதான் அந்த மூன்று டாலர் உமி. பார்லியில் குறைந்த உமியை நெல் உமியால் ஈடுகட்டுவது. அதில் சர்க்கரையும் இல்லை, ருசியும் இல்லை, ஊறிக் குழையவும் குழையாது. சும்மா இடம் அடைத்துக்கொண்டு தண்ணீருக்கு வழிவிடும். தானிய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு போதும், எனக்குக் கால் கிலோவுக்கும் குறைவு. முதலில் அலச வேண்டும். அலசும்போது கிளம்பிய அந்தத் தூசி வாசனையில் கராஜ் ஒரு நிமிடம் மில்லாகிவிட்டது. கை தானாகவே முழங்கையைச் சொறிந்தது.

இந்தத் தடவை பார்லியைத் தனியாக ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நசுக்கினேன், கோதுமையை மட்டும் நெருக்கி. 13 லிட்டர் தண்ணீரை 74 டிகிரிக்குச் சூடாக்கித் தானியத்தையும் உமியையும் கொட்டிக் கிளறியதும் 67இல் வந்து நின்றது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு சொட்டுச் சாற்றைப் பீங்கான் தட்டில் விட்டு அயோடின் சொட்டினேன். பள்ளிக்கூட லேபில் அரிசிக் கஞ்சிக்குச் செய்த அதே சோதனை. கருநீலம் வரவில்லை. மாவுச்சத்து எல்லாம் சர்க்கரையாகிவிட்டது.

குழாயைத் திறந்தேன். முதலில் கலங்கலாக வந்ததை எடுத்து மெதுவாகத் தானியத்தின் மேலேயே திரும்ப ஊற்றினேன். மூன்றாவது தடவை தெளிந்துவிட்டது. அப்புறம் மேலே 76 டிகிரித் தண்ணீர், கீழே பொன்னிறத்தில் சாறு, சுண்டு விரல் தடிமனில் நிற்காமல். முக்கால் மணி நேரத்தில் 23 லிட்டர். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் வழக்கம்தான். ஒரு மணி நேரக் கொதி, கொஞ்சமே கொஞ்சம் ஹாலர்டாவ் ஹாப்ஸ், செப்புச் சுருளில் குழாய்த் தண்ணீர் விட்டு ஆறவைத்தல். சாற்றின் அடர்த்தி, தண்ணீர் 1 என்றால், 1.051. மூன்றாம் நாள் ஈஸ்ட் நுரை மூடியைத் தாண்டிப் பொங்கியது. கராஜ் முழுக்கக் கனிந்த பூவன்பழ வாசனை. இந்த ஈஸ்ட் தானே உண்டாக்கும் வாசனை அது, கூடவே லேசாகக் கிராம்பும். இன்னும் ஒரு வாரத்தில் பாட்டிலில் அடைக்க வேண்டும். சக்கைத் தானியத்தைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் தின்று தீர்த்துவிட்டன, உமியை மட்டும் கிளறி ஒதுக்கிவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"உமியா? எதுக்கும்மா?"

"ஒண்ணு வடிகட்டணும்பா."

என்ன வடிகட்ட என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எவ்வளவு?" என்றார். மூன்று டாலர், அரைக் கிலோகூட இல்லை என்றேன். மனசுக்குள் கணக்குப் போடுவது இங்கே வரை கேட்டது.

"அப்ப கிலோ ஐந்நூறு ரூபாய்க்கு மேல வருதே. அரிசியோட குடுத்தானா, வெறும் உமியா?"